கீர்த்திக்கு ஏன் வந்தது

மந்தைவெளி,
4 ஆகஸ்ட் 2024

மணிமொழிக்கு,

என் எண்ணை நீ தடுத்து வைத்து இன்றோடு பதினாறு நாள். குடும்பக் குழுவில் எழுதினால் விருதுநகர்வரை படிப்பார்கள். அதனால் தாளில் எழுதிக் கதிரேசனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன்னைக் கட்டிய என் தம்பி பிரித்துப் படிப்பான் என்று பயப்படாதே. கடைக்கு வரும் வரி நோட்டீஸையே அவன் படிப்பதில்லை.

ஜூலை 19 அன்று மருத்துவமனையில் நடந்ததை முதலில் சரியாக எழுதிவிடுகிறேன். உள்ளே உன் மகள் கீர்த்தி, எட்டு வயதுக் குழந்தை, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். ரத்தத்தில் சர்க்கரை 540 என்று அப்போதுதான் சொன்னார்கள். நீ வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "சேனை தொட்டு வச்சது யாரு? சக்கரக்காரி விரலை நாக்குல வச்சா பிள்ளைக்கு வேற என்ன வரும்?" என்றாய். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

கீர்த்தி பிறந்த அன்று சீனித் தண்ணீரைத் தொட்டு அவள் நாக்கில் வைத்தவள் நான்தான். சேனை தொடுபவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று, வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்ற கணக்கில் நீங்களே என்னைக் கூப்பிட்டீர்கள். எனக்கு அதற்கு மூன்று வருடம் முன்பே சர்க்கரை வந்துவிட்டது. இரண்டும் உண்மை.

ஆனால் ஒன்றிலிருந்து மற்றது வந்ததா? இரண்டு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டருகே இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். உன் தெரு முனைவரை வந்து திரும்பினேன் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். படித்தது இதுதான். எனக்கு இருப்பது வேறு, கீர்த்திக்கு வந்திருப்பது வேறு. எனக்கு இன்சுலின் சுரக்கிறது, உடம்பு அதைச் சரியாகக் கேட்பதில்லை. கீர்த்திக்கு இன்சுலின் சுரக்கும் செல்களை அவளுடைய காவல் செல்களே எதிரி என்று நினைத்து அழித்துவிட்டன. அது சீனி தின்பதால் வருவதில்லை. ஒரு விரல் நுனிச் சீனித் தண்ணீரால் நிச்சயம் இல்லை.

இது மன்னிப்புக் கடிதம் இல்லை. எனக்கு இரண்டு காரியம் வேண்டும். ஒன்று, இது ஏன் வந்தது என்று தெரிய வேண்டும். இன்னொன்று, உன் மகன் அறிவுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அக்காவுக்கு வந்தால் தம்பிக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து போல என்று எழுதியிருக்கிறார்கள். மற்றக் குழந்தைகளுக்கு இருப்பதைவிட அது பல மடங்கு. காவல் செல்கள் அப்படிச் சொந்த உடம்புக்கு எதிராகத் திரும்பத் தொடங்கினால், நோய் தெரிவதற்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் அதன் தடம் இருக்குமாம். அவனுக்கு இரண்டரை வயது. இப்போதே பார்க்கலாம்.

தங்கபுஷ்பம்


கோட்டூர்புரம்,
9 ஆகஸ்ட் 2024

மதினிக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் படித்துத் தெரிந்துகொண்டதை டாக்டர் சீதா எனக்கு இரண்டாம் நாளே சொல்லிவிட்டார். சேனையால் வரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் என் கோபம் குறையவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை.

இங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுதுகிறேன். நான்கு ஊசி. ஏழெட்டு முறை விரல் குத்தி ரத்தம். இரண்டு இட்லிக்கு எத்தனை யூனிட் என்று கணக்கு. ஊசி போட்டபின் பாதி இட்லியில் போதும் என்று எழுந்துவிட்டால் அதற்கு வேறு கணக்கு. நேற்று கீர்த்தி, "அம்மா, எனக்கு எப்ப சரியாகும்?" என்று கேட்டாள். அவள் அப்பா பக்கத்தில் இருந்தார். செருப்பைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விட்டார்.

எது இல்லை என்று எழுதிவிட்டீர்கள். எது என்று எழுதவில்லையே? என் அம்மா வீட்டில் யாருக்கும் கிடையாது. நீங்கள் வைத்திருப்பது வேறு வகை என்கிறீர்கள், அப்படியானால் உங்கள் வீட்டிலும் கிடையாது. எங்கிருந்துதான் வந்தது? இதை மட்டும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், படிக்கிறேன்.

அறிவுக்குப் பரிசோதனை வேண்டாம். வரப்போகிறது என்று தெரிந்தால் தடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். இப்போதைக்கு நிச்சயமாகத் தடுக்க வழி இல்லை என்றார். பிறகு எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்? அவன் சாப்பிடும் ஒவ்வொரு கவளத்தையும் நான் பயந்துகொண்டே பார்க்கவா?

மணிமொழி


மந்தைவெளி,
18 ஆகஸ்ட் 2024

மணிமொழிக்கு,

"படிக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். அது போதும்.

யாருக்கும் இல்லாத குடும்பத்தில் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதில் அதிசயம் இல்லையாம். இந்த நோய் வரும் குழந்தைகளில் பத்துக்கு எட்டு ஒன்பது பேரின் நெருங்கிய சொந்தத்தில் யாருக்கும் இது இருப்பதில்லை. ஆனாலும் பரம்பரை இல்லாமல் இல்லை. ஆறாவது குரோமோசோமில் ஒரு மரபணுத் தொகுதி இருக்கிறது. எது நம் உடல், எது வெளியாள் என்று காவல் செல்களுக்கு அடையாளம் காட்டுவது அதன் வேலை. அதில் சில வகைகளை வைத்திருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த வகைகளை வைத்திருக்கும் பெரும்பாலோர் கடைசிவரை சுகமாகவே இருந்துவிடுகிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரை எடுத்துக்கொள். இருவருக்கும் மரபணு ஒன்றுதான். ஒருவருக்கு இது வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவு என்றே பெரும்பாலான கணக்குகள் சொல்கின்றன. அப்படியானால் மீதியைச் செய்வது எது? உலகத்திலேயே பின்லாந்தில்தான் இது அதிகம். நம் பக்கத்து நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபோனவர்களின் பிள்ளைகளுக்கு, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வரும் அளவை நெருங்கி வந்ததாம். ரத்தம் மாறவில்லை, ஊர்தான் மாறியது. அப்படியானால் வெளியில் ஏதோ இருக்கிறது.

கடையில் என் வேலை உனக்குத் தெரியும். பழுது என்று திரும்பி வரும் புடவை என் மேசைக்குத்தான் வரும். எந்த ஊர்ச் சரக்கு, எந்தக் கட்டு, எந்தத் தேதி என்று பார்த்து, எந்தத் தறியில் இழை தவறியது என்பதுவரை போய்விடுவேன். இதையும் அப்படித்தான் பார்க்கத் தொடங்கினேன்.

பார், என்ன கிடைத்தது என்று. நம் கடையில் புடவை மடிக்கும் வேலம்மாவைத் தெரியுமல்லவா? அவள் மகனுக்கும் இதே நோய். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. நான் நூலகத்தில் எழுதி வந்த தாளைப் பார்த்து, "இன்னாக்கா, உங்கூட்டுப் பொண்ணுக்கும் இதே தான் கீதா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. "எம்புள்ள தண்ணியா குட்ச்சிக்கினே இருந்தான்க்கா. வெயிலுக்குத்தான் குடிக்கிறான்னு வுட்டுட்டேன். எங்க பரம்பரைல ஒர்த்தருக்கும் கெடையாது. என் மாமியா இன்னான்னா, நான் மாசமா இருக்கசொல்ல ஐஸ் தின்னேன், அதான்னுது."

வேலம்மா இப்போது பெரும்பாக்கத்தில் இருக்கிறாள். 2015 வெள்ளம்வரை எங்கே இருந்தாள் தெரியுமா? கோட்டூர்புரத்தில், அடையாற்றுக் கரைக் குடிசையில். உன் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. வெள்ளம் வந்தபோது அவள் மகன் நான்கு மாதக் குழந்தை. கீர்த்தி பிறந்து இருபத்து மூன்று நாள்.

ஒரே ஆறு, ஒரே தண்ணீர், ஒரே வாரம். அந்த நாட்களில் கீர்த்தி என்ன குடித்தாள், என்ன காய்ச்சல் வந்தது, எங்கே இருந்தாள் என்று ஒன்று விடாமல் எழுது. நான் அப்போது மந்தைவெளியில் மாட்டிக்கொண்டேன். எனக்கு எதுவும் தெரியாது.

தங்கபுஷ்பம்


கோட்டூர்புரம்,
27 ஆகஸ்ட் 2024

மதினிக்கு,

உங்கள் தம்பி கடையிலிருந்து வந்து உங்களைப் பற்றிக் குறை சொன்னார். "புடவை எடுக்க வந்தவங்ககிட்ட, வெள்ளத்தப்ப உங்க பிள்ளைக்கு என்ன வயசுன்னு அக்கா கேக்குறா. எடுத்த புடவையையும் வச்சிட்டுப் போயிருவாங்க போல." நான் ஜூலைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தேன். அவருக்கும் அது தெரிந்தது.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். எழுதுவதா வேண்டாமா என்று ஒன்பது நாள் யோசித்தேன்.

டிசம்பர் 2 காலை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கீர்த்தியைத் துணி துவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் படுக்கவைத்து மாடிக்கு ஏற்றினோம். மறுநாள் படகு வந்தது. திருவல்லிக்கேணியில் என் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அங்கே எனக்குக் காய்ச்சல். பால் வற்றிவிட்டது. பக்கத்து வீட்டு சகினா அக்கா தன் குழந்தைக்கு வைத்திருந்த பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு நாள் அதைத்தான் கொடுத்தேன். தாய்ப்பாலைத் தவிர எதுவும் கொடுக்காதே என்று நீங்கள் எல்லோரும் சொல்லியிருந்தீர்கள். கேட்டபோதெல்லாம் தாய்ப்பால்தான் என்று சொன்னேன். கீர்த்தி அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு. பத்தாம் மாதத்தில் என் சித்தி மகள் கல்யாணத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே நான்கைந்து பிள்ளைகளுக்குக் கையிலும் வாயிலும் கொப்புளம். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன், பந்தி முடியட்டும் என்று. ஐந்தாம் நாள் கீர்த்திக்குக் காய்ச்சல், பிறகு கொப்புளம்.

இந்த நோய்க்குப் பசும்பாலையும், பால்பவுடரையும், வைரஸையும் சந்தேகிக்கிறார்கள் என்று கைப்பேசியில் நானும் படித்துவிட்டேன். அன்று சர்க்கரை என்று சொன்னதிலிருந்து மருத்துவமனைக்குள் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தேன், நீங்கள் எதிரில் நின்றீர்கள்.

இப்போது எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. வீட்டில் சொல்வதானால் சொல்லுங்கள்.

மணிமொழி


மந்தைவெளி,
8 செப்டம்பர் 2024

மணி,

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை என்பதையும் இப்போது எழுதுகிறேன்.

டாக்டர் சீதாவை நேரில் பார்த்தேன். கீர்த்தியின் அத்தை என்றதும் பதினைந்து நிமிடம் கொடுத்தார். என் ஆற்றுக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "வெள்ளத்தில நனைஞ்ச குழந்தைங்க எத்தனை பேரைக் கேட்டீங்க?" என்றார். ஒரு மாதத்தில் வேலம்மாவைத் தவிர நாற்பத்தொரு தாய்மாரைக் கேட்டிருந்தேன். "அதில எத்தனை பேருக்கு இது வந்திருக்கு?" ஒருவருக்கும் இல்லை என்றேன். "இப்ப என் வார்டுக்கு வர்ற பிள்ளைங்கள்ல வெள்ளத்தையே பார்க்காதவங்க எத்தனை பேர்னு நான் சொல்லட்டுமா?" என்று சிரித்தார். அடையாற்றைப் பார்க்காத திருவண்ணாமலைப் பிள்ளைகளும் அவரிடம் வருகிறார்களாம்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. தொழில்காரி செய்யக்கூடாத தவறைச் செய்திருக்கிறேன். என் மேசைக்குத் திரும்பி வருவது பழுதுள்ள புடவை மட்டும்தான். அதே கட்டில் நல்லபடியாக விற்றுப்போன புடவைகளை நான் பார்ப்பதே இல்லை. இரண்டு பழுதும் ஒரே கட்டில் வந்தால் அந்தத் தறிதான் என்று எழுதிவிடுவேன். இருபத்தாறு வருடமாக எத்தனை நெசவாளர்மேல் அப்படிப் பழி எழுதினேனோ, தெரியவில்லை.

உன் பெயரைச் சொல்லாமல் பால்பவுடரைப் பற்றியும் கேட்டேன். பல நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தார்களாம். சாதாரணப் பவுடர் குடித்தவர்களுக்கும், பால்புரதத்தை உடைத்துத் தயாரித்த தனிப் பவுடர் குடித்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பால்தான் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. வைரஸ்மேல் சந்தேகம் பலமாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கொப்புளம் எத்தனையோ கோடிப் பிள்ளைகளுக்கு வந்து போகிறது. "ஒரே ஒரு நாளைக் காட்டி அன்னைக்குத்தான் ஆரம்பிச்சதுன்னு எந்த அம்மாகிட்டயும் நான் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது" என்றார். அந்தப் பந்தியில் நீ உட்காராமல் எழுந்து வந்திருந்தாலும் இது வந்திருக்கலாம்.

எழுந்துகொள்ளும்போது அவர் ஒன்று கேட்டார். "உங்க பிறந்த வீட்டில் சின்ன வயசில இறந்த பிள்ளைங்க யாராவது உண்டா?" இல்லை என்றேன்.

அது பொய்.

எனக்கும் கதிரேசனுக்கும் நடுவில் ஒருவன் இருந்தான். மாணிக்கவாசகம். 1982 மே மாதம், மேற்கு மாம்பலத்தில் ஓர் அறை வீட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் காலையில் கடைக்குப் போனால் வீட்டில் நான்தான் பொறுப்பு. எனக்குப் பத்து வயது, மாணிக்கத்துக்கு ஆறு, கதிரேசனுக்கு இரண்டு. மாணிக்கம் திடீரென்று பாயை நனைக்கத் தொடங்கினான். எலும்பு தெரிய இளைத்தான். சதா தண்ணீர் கேட்டான். அம்மா என்னிடம், "ஏட்டி, பொழுது சாஞ்சா அவனுக்குத் தண்ணி குடுக்காத, பாய நனைக்கான்" என்றாள். நான் சொன்ன சொல் கேட்கும் பிள்ளை. பானையை அவனுக்கு எட்டாத இடத்தில் ஏற்றி வைத்தேன். அவன் தெரு அடிபம்பில் வாய் வைத்துக் குடித்தான். அங்கிருந்தும் இழுத்து வந்தேன். கடைசி இரண்டு நாள் அவன் வாயில் பழவாடை. யார் கடையில் திருடித் தின்றாய் என்று முதுகில் அடித்தேன். அதற்குப் பிறகு மூச்சு வாங்கியது. மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னார்கள். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டார்கள். கதிரேசனுக்கு அண்ணன் ஒருவன் இருந்தான் என்பது மட்டும்தான் தெரியும்.

ஜூலை 19 அன்று கீர்த்தியின் முகத்தருகே குனிந்தபோது அதே வாடை அடித்தது. நீ திட்டியதற்காக நான் படியிறங்கவில்லை. அந்த வாடைக்காகத்தான் இறங்கினேன்.

அது இதே நோய்தானா என்று இனி யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அறிவுக்குப் பரிசோதனை எதற்கு என்று கேட்டாயே, அதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். தடுப்பதற்கு இல்லை. அவன் தண்ணீர் கேட்கும்போது, ஏன் கேட்கிறான் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

தங்கபுஷ்பம்


மந்தைவெளி,
29 செப்டம்பர் 2024

மணி,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கதிரேசன் கடையில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நீ அவனிடம் சொல்லியிருக்கிறாய் என்று தெரிகிறது. சொன்னது சரிதான், நானே சொல்லியிருக்க வேண்டும்.

இன்று அவன் என் மேசைக்கு வந்து, "அண்ணன் பாக்க எப்படி இருப்பான்?" என்று கேட்டான். காது உன்னைப் போல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்றேன். வாடிக்கையாளர் கூப்பிட்டதும் போய்விட்டான்.

வேறு செய்தி இல்லை.

தங்கபுஷ்பம்


கோட்டூர்புரம்,
13 அக்டோபர் 2024

மதினிக்கு,

பதில் எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன். கேட்க உங்களுக்குப் பிடிக்காது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். உங்கள் வீட்டு ரத்தம்தான், நான் இல்லை என்று. அந்தச் சின்னப் பையனுக்காக அழவும் செய்தேன், ஆனால் சந்தோஷம்தான் முதலில் வந்தது. நான்காம் நாள் கீர்த்தியைக் காட்டப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "அந்த மரபணுத் தொகுதியில ஒரு பாதி அப்பாகிட்டேயிருந்து, ஒரு பாதி உங்ககிட்டேயிருந்து வருதும்மா. உங்க பாதியில என்ன இருக்குன்னு நீங்க பார்த்ததில்லை, அவ்வளவுதான்" என்றார். எல்லோரையும் குற்றம் சொல்லி முடித்துவிட்டேன் மதினி. இனி ஆள் இல்லை.

செப்டம்பர் 25 அன்று அறிவுக்கு ரத்தம் எடுத்தோம். நான் உங்களிடம் சொல்லவில்லை. நேற்று முடிவு வந்தது.

காவல் செல்கள் விட்டுச்செல்லும் தடங்களில் நான்கைப் பார்த்தார்கள். மூன்று இல்லை. ஒன்று இருக்கிறது. டாக்டர் அந்தத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, "ஒண்ணு இருக்கறது நோய் இல்லை. பலருக்கு இது அப்படியே நின்னுடும், சிலருக்கு மறைஞ்சும் போயிடும். ரெண்டு வந்தா அப்ப பேச்சு வேற. ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் பார்க்கணும்" என்றார். ஏன் ஒன்று வந்தது, ஏன் மற்ற மூன்று வரவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்டிருப்பீர்கள் என்றுதான் கேட்டேன். தெரியவில்லை என்றார். இவ்வளவு படித்தவர் தெரியவில்லை என்று சொன்னது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

பிறகு ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கீர்த்தியின் வட்டத்தில் கறுப்பு மை நிரப்பினார். உங்களுக்கும் கீர்த்தி அப்பாவுக்கும் நடுவே ஒரு சதுரம் போட்டு, இறந்தவர் என்று குறுக்கே கோடு இழுத்தார். பெயர் எழுதப் போன டாக்டரைக் கீர்த்தி அப்பா தடுத்து, பேனாவை வாங்கித் தானே எழுதினார். மாணிக்கவாசகம், ஆறு வயது. நோய் என்ற இடத்தில் "சர்க்கரையாக இருக்கலாம்" என்று எழுதினார். "கூட இருந்து பார்த்துக்கிட்டது யாரு?" என்று டாக்டர் கேட்டார். "எங்கக்கா. அவளுக்கு அப்ப பத்து வயசு" என்றார். "பத்து வயசுப் பிள்ளைகிட்டயா விட்டுட்டுப் போனாங்க" என்று டாக்டர் கேட்டார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இவர், "அக்கா பானையை ஏத்தி வச்சது தப்பில்ல, என்ன?" என்று என்னிடம் கேட்டார். தப்பில்லை என்றேன். நீங்களும் கேட்டுக்கொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனை மார்ச் கடைசியில். போன முறை நான்தான் அறிவை மடியில் வைத்திருந்தேன். ஊசியைப் பார்த்து நான் அழுதேன், என்னைப் பார்த்து அவன் அழுதான், இரண்டு இடத்தில் குத்தியும் வராமல் மூன்றாவது இடத்தில்தான் ரத்தம் வந்தது. இவர் கதவுக்கு வெளியே நின்றார். அடுத்த முறை பயப்படாதவர் யாரையாவது கூட்டி வாருங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். பயப்படாதவர் என்று நம் வீட்டில் ஒருவரும் இல்லை. அதனால் நீங்களே வாருங்கள்.

மணிமொழி